ஆளில்லாத புண்

எங்கள் மருத்துவமனையும் கோயிலும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. கோயிலின் பக்கவாசலைத் திறந்தால் எங்கள் கட்டுப் போடும் அறைதான் எதிரே தெரியும். பக்கவாசலுக்கு உள்ளே இடதுபுறம் புனிதரின் சிலை. மற்ற புனிதர்கள் வானத்தைக் காட்டுவார்கள், புத்தகத்தைக் காட்டுவார்கள், நெஞ்சைக் காட்டுவார்கள். இவர் ஒரு கையால் அங்கியைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் தன் தொடையில் இருக்கும் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். காலடியில், வாயில் ரொட்டியைக் கவ்வியபடி ஒரு நாய். பீடத்தில் அவர் பெயரை அழகாகப் பொறித்திருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அவர் நாய்க்காரர்தான்.

நாய்க்காரர் வாழ்ந்தது பல நூற்றாண்டுகளுக்கு முன்னால். பணக்கார வீட்டுப் பிள்ளை. பிறக்கும்போதே மார்பில் சிலுவை போல ஒரு சிவப்பு மச்சம். பெற்றோர் கண்மூடியதும் சொத்தை ஏழைகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டு யாத்திரை கிளம்பினார். போகிற வழியெல்லாம் கொள்ளைநோய். ஊரே வெளியே ஓடிவரும்போது இவர் உள்ளே நடந்து போனார். நோயாளிகளின் நெற்றியில் சிலுவை வரைந்தார், அவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள் என்று சொல்லுகிறார்கள். கடைசியில் நோய் அவர் தொடையிலேயே வந்து உட்கார்ந்தது. ஊரையே குணப்படுத்தியவருக்குத் தன் புண்ணைக் குணப்படுத்திக்கொள்ளத் தெரியவில்லை. யாருக்கும் தொல்லை வேண்டாமென்று காட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். அங்கே ஒரு நாய் தன் எஜமானின் மேசையிலிருந்து ரொட்டியைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது, புண்ணை நக்கியது, அவர் பிழைத்தார். சொந்த ஊருக்குத் திரும்பியபோது ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். போட்டவர் அவருடைய சொந்த மாமா. “நான்தான் மாமா” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. சிறையிலேயே செத்துப்போனார். உடம்பில் இருந்த மச்சத்தைப் பார்த்த பிறகுதான் மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு கோபம் உண்டு. வாய் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? உயிரோடு இருந்தபோது புண்ணையும் மறைத்தார், பெயரையும் மறைத்தார். சிலையான பிறகு அங்கியைத் தூக்கிக் காட்டி யாருக்கு என்ன லாபம்? ஒருமுறை இதைப் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். நான் மருந்து கட்டிக் கொடுக்கிற கம்பவுண்டர். அந்த வேலையைப் பார்த்தால் போதும் என்றார். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மருந்து அறைக்கும் கட்டுப் போடும் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதில் களிம்பும் மருந்தும் நீட்டுவதற்காக ஒரு சதுர ஓட்டை. கட்டுக்காரம்மாவின் வாழ்க்கையில் நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அந்த ஓட்டை வழியாகத்தான்.

கட்டுக்காரம்மா என்பது நோயாளிகள் வைத்த பெயர். நர்ஸ் படிப்பு முடித்ததும் இந்த அறைக்கு வந்தவள், வேறு வார்டு கேட்டதே இல்லை. வெள்ளை ஓடு பதித்த அறை, ஒரு மேசை, எஃகுத் தட்டில் இடுக்கிகள், நோயாளி உட்கார ஒரு முக்காலி, கால் வைக்க மரப்பெட்டி. வெள்ளைச் சீருடையும் முழங்கால்வரை வெள்ளைக் காலுறையும் போட்டுக்கொண்டு காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே வேலை செய்வாள். கைராசிக்காரி என்று தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். அவளோ “சரியாயிடும்” என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. பழைய கட்டை உப்புநீரில் நனைய விட்டுவிட்டு, நோயாளியின் மருமகளைப் பற்றி ஏதாவது கேட்பாள். அவர் சூடாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கட்டு கழன்றிருக்கும்.

அவளுக்கு முகங்கள் நினைவில் நிற்காது, புண்கள் நிற்கும். கடைத்தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னால் யாரென்று தெரியாமல் விழிப்பாள். அவர் நடப்பதைப் பார்த்ததும், “இடது குதிகால் தானே நீங்க? எப்படி இருக்கு?” என்பாள். கூடவே நடந்துபோன எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

நோயாளிகள் அவளிடம் வருமுன் நாய்க்காரரிடம் போவார்கள். அவருடைய புண்ணைத் தொட்டுத் தங்கள் புண்ணைத் தொட்டுக்கொண்டால் ஆறும் என்பது நம்பிக்கை. சாமியாரிடம் சண்டை போட்டு பக்கவாசலில் ஒரு குழாயும் சோப்பும் வைக்கச் செய்தவள் கட்டுக்காரம்மா. “அவரைத் தொடுங்க, வேணாங்கல. ஆனா கை கழுவிட்டு வாங்க” என்பாள். அவளுக்கு பக்தி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் வேலை தொடங்குமுன் பக்கவாசல் வழியே போய்ச் சிலை முன்னால் ஒரு நிமிடம் நிற்பாள். வார்டில் ஒரு பழைய நோயாளியைப் பார்ப்பதுபோல அந்தப் புண்ணை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். சிரித்த முகம், சர்க்கரை வியாதி. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து, ஏனென்றால் எதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார். அவருடைய அக்காதான் எங்கள் மருத்துவமனையின் சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்கு சைரன் என்று பெயர். ஆம்புலன்ஸ் வருகிறதா, அவள் வருகிறாளா என்று வாசல் காவல்காரர் சில நேரம் குழம்புவார். கல்யாணம் ஆகாதவள். கீழ்வீட்டில் அவள், மாடியில் தம்பியும் தம்பி பெண்டாட்டியும். வீட்டுத் துணிகளையெல்லாம் சைரன்தான் துவைப்பாள். வேறு யார் துவைத்தாலும் அவளுக்கு அழுக்குப் போனதாகத் தோன்றாது. நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒருவருக்கொருவர் தலை வாரிவிட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கண்டக்டரின் குதிகாலில் புது ஷூ கடித்தது. அது புண்ணாகி, விரல்வரை கறுத்து, காலை எடுத்து, பிறகு அவரும் போய்விட்டார். அடக்கம் முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றபோது சைரன் வாய் திறந்தாள். “ஊர்ல உள்ள புண்ணையெல்லாம் ஆத்தினா. கட்டினவன் புண்ணுக்கு மட்டும் இவளுக்குக் கை வரல” என்றாள். வாசலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவு பெரிய விஷயம் எப்படி இவள் கண்ணில் படாமல் போயிற்று என்று ஊர் பேசியது. ஊருக்குத்தான் உபதேசம் என்றும் பேசியது. என்ன நடந்தது என்று அவள் சொல்லியிருக்கலாம். வாய் இருந்தும் பேசாத புனிதரை தினமும் பார்த்துப் பார்த்து இவளும் கெட்டுவிட்டாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. கட்டுக்காரம்மா தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டாள். மருத்துவமனையில் மட்டும் ஒருவரை ஒருவர் தவிர்க்க முடியாது. கட்டுத்துணி சலவைக்குப் போக வேண்டும், சலவையிலிருந்து திரும்பி வர வேண்டும். ஆகவே நான் தபால்காரன் ஆனேன். சைரன் என் ஜன்னலில் கூடையை வைத்து, “தம்பி, அந்த அறையில இருக்கிறவங்ககிட்ட சொல்லு, கட்டுத்துணியில ஊசி விட்டு அனுப்பக் கூடாதுன்னு” என்பாள். அந்த அறையில் இருக்கிறவள் மூன்று அடி தூரத்தில்தான் இருப்பாள். “கம்பவுண்டர், ஊசி விட்டது பக்கத்து வார்டுன்னு சொல்லிடுங்க” என்று ஓட்டை வழியே பதில் வரும். நான் இரண்டையும் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இருவருமே காத்துக்கொண்டு நிற்பார்கள்.

பல வருடங்கள் இப்படியே போயின. பிறகு ஒருநாள் ஸ்டிரெச்சரின் இரும்பு முனை கட்டுக்காரம்மாவின் உள் கணுக்காலுக்கு மேலே இடித்தது. ஆயுள் முழுக்க நின்றே வேலை செய்த கால். நரம்புகள் ஏற்கெனவே புடைத்துச் சுருண்டிருந்தன. சின்னச் சிராய்ப்பு மூடவில்லை, விரிந்தது. இதெல்லாம் பிறகு எனக்குத் தெரியவந்தது. அப்போது அவள் முன்னைவிட அடிக்கடி கிருமிநாசினி கேட்டாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கேட்டதைக் கொடுத்தேன்.

அந்தப் புண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் மருத்துவமனையில் இல்லை. இறுக்கமான கட்டு, காலை உயரத் தூக்கி வைத்து ஓய்வு, டாக்டர் பார்த்துச் சொன்னால் நரம்புக்கு ஓர் அறுவை. தினமும் பத்துப் பேருக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஆறாத புண் உள்ளவர்கள் கட்டுப் போடும் அறையில் வேலை செய்யக் கூடாது என்பது விதி. அந்த விதியைக் கறாராக நடத்தியவளும் அவளே. விரலில் கத்தி பட்ட ஓர் உதவி நர்ஸை ஆறும்வரை அறைக்குள் விடவில்லை. புண்ணைக் காட்டினால் அறை போய்விடும். கணவர் போன பிறகு அவளுக்கு மிச்சமிருந்தது அந்த அறைதான். அதோடு, கோயில் வாசலில் சொன்ன சொல்லும் காதில் இருந்தது. கட்டினவன் புண்ணையும் ஆற்றவில்லை, தன் புண்ணையும் ஆற்றிக்கொள்ளத் தெரியவில்லை என்று ஒரு வரி கூடிவிடும். ஆகவே காலா, அறையா என்ற கேள்விக்கு அறை என்று பதில் வைத்துக்கொண்டாள். இப்படியே விட்டால் கால் என்னவாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். எலும்புவரை போன கால்களை அவள் கையால்தான் சுத்தம் செய்திருக்கிறாள்.

காலையில் யாரும் வருமுன் தன் கட்டைத் தானே மாற்றிக்கொள்வாள், அதன்மேல் காலுறையை இழுத்துவிடுவாள், இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு நோயாளிகளைத் தொடுவாள். கறைபட்ட கட்டுத்துணியை என்ன செய்வது? எங்கள் மருத்துவமனையில் பஞ்சையும் மெல்லிய துணியையும் எரித்துவிடுவோம். மேலே சுற்றுகிற, இழுத்தால் நீளும் கட்டுத்துணியை மட்டும் கொதிக்கவைத்துத் துவைத்து, சுருட்டி, மறுபடி எடுத்துக்கொள்வோம். அவள் தன்னுடையதையும் அந்தக் குவியலில் போட்டுவிட்டாள். நூறு கட்டோடு இதுவும் ஒன்று என்று நினைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை அது. இவளுக்குப் புண்களெல்லாம் முகம் என்றால், சைரனுக்குக் கறைகளெல்லாம் முகம்.

சலவைக்கூடத்தில் சைரன் ஒவ்வொரு கட்டுத்துணியையும் பிரித்துப் பார்ப்பாள். எந்தக் கறை எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று சொல்வாள். கறை சிறிதாகிக்கொண்டு வந்தால், “நாலாம் கட்டில் பெரியவர் இந்த வாரம் வீட்டுக்குப் போயிடுவாரு” என்று டாக்டருக்கு முன்னால் அறிவிப்பாள். அது பாதி நேரம் தப்பாகவும் போகும். ஒருமுறை அவள் சொல்லைக் கேட்டு ஒருவர் வீட்டுக்குப் போனார், மறுநாளே ஜுரத்தோடு திரும்பி வந்தார். ஆனாலும் விடமாட்டாள். ஒருநாள் அவள் என் ஜன்னலில் வந்து கையை ஊன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் நாம் பேசுகிற அளவுக்கு இருக்கும்.

“தம்பி, ஒரு புண்ணு ஆளில்லாம வருது.”

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். ஒரு பக்கம் கடித்த பிஸ்கட்டைப் போல ஒரு கறை. கடித்த இடத்துக்குப் பக்கத்தில் துணுக்கு விழுந்ததுபோல இன்னொரு சின்னக் கறை. வாரத்துக்குப் பலமுறை வருகிறது, பெரிதாகிக்கொண்டே வருகிறது. வார்டு வார்டாகப் போய்ப் பார்த்துவிட்டாள், அந்தக் கறைக்கு ஆள் இல்லை. “அந்த அறையில இருக்கிறவங்ககிட்ட கேளு, இது யாருதுன்னு” என்றாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் இடுக்கி தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. வெளி நோயாளி யாராவது இருப்பார்கள் என்று சொல்லச் சொன்னாள் கட்டுக்காரம்மா. நானும் சொன்னேன். சைரன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள்.

அந்த ஆண்டு நாய்க்காரரின் திருநாளுக்கு முன்னால் சிலைக்கு வர்ணம் பூச முடிவெடுத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு வர்ணக்காரர் வந்தார். நல்ல கை, கடைப் பலகைகளும் சிலைகளும் செய்கிறவர். அவர் இந்தப் புனிதரை இதற்கு முன் பார்த்ததில்லை. தலைமுறை தலைமுறையாகக் கை பட்டுப் பட்டு அந்தப் புண் வழவழவென்று தேய்ந்து, வெறும் மங்கிய தழும்பாகக் கிடந்தது. இத்தனை பேர் தொட்டதில் வர்ணம் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அந்த மனிதர் தொடை முழுவதையும் நல்ல சதை நிறத்தில் பூசி மெருகும் ஏற்றிவிட்டார். சாமியார் வந்து பார்த்தபோது, புனிதர் அங்கியைத் தூக்கிப் பிடித்து, ஒரு குறையும் இல்லாத தொடையை ஊருக்குச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றார்.

சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். செய்தி பரவி நோயாளிகள் கூடிவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “அவருக்கே வலி போயிட்டா, நம்ம வலி அவருக்கு எப்படிங்க தெரியும்?” என்றார். வர்ணக்காரர் பதறிப்போய் அவசரமாகத் தொடையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டார். அது தெருமுனை சிக்னல் விளக்கு போல இருந்தது. கடைசியில் சாமியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. புண் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள் பக்கத்து அறையிலேயே இருக்கிறாளே என்று கட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

வர்ணக்காரர் தூரிகையோடு கீழே உட்கார்ந்திருந்தார். கட்டுக்காரம்மா அவர் பக்கத்தில் நின்று, சிலையின் தொடையைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். சுற்றியுள்ள தோல் இவ்வளவு வெளுப்பாக இருக்காது, கறுத்துப் பளபளவென்று இருக்கும் என்றாள். ஓரம் வட்டமாக வராது என்றாள். அவர் எப்படி வரும் என்று கேட்டார். தூரிகைக் காம்பை வாங்கி அவளே கோடு இழுத்துக் காட்டினாள். இந்தப் பக்கம் கொஞ்சம் உள்ளே வாங்கும், இங்கே தனியாகச் சின்னதாக ஒன்று இருக்கும் என்றாள். அவர் சிவப்பைக் குழைத்தார்.

“அவ்வளவு சிவப்பு வேணாம்” என்றாள். “நல்லாச் சிவந்திருந்தா அது ஆறிட்டு வர்ற புண்ணு. இதுல மஞ்சள் சேருங்க. இது ஆறல.”

ஏதோ சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறாளே என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. மருந்து கட்டுகிறவனுக்கு அவ்வளவுதான் மூளை. அவளுக்கும் தான் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்திருக்கவில்லை. தினமும் காலையில் பார்க்கிற ஒன்று நாக்கு நுனியில் நின்றது, அது வெளியே வந்துவிட்டது. வேலை முடிந்ததும் சாமியார் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அப்படியென்றால் சரியாக வந்திருக்கிறது என்று வர்ணக்காரர் பெட்டியை மூடினார்.

புண்ணின் உருவத்தைச் சொல்லிக் கொடுத்தது கட்டுக்காரம்மா என்பது அதற்குள் மருத்துவமனை முழுக்கத் தெரிந்துவிட்டது. திருநாளன்று பூசை முடிந்து எல்லோரும் வரிசையாகப் போய் நாய்க்காரரைத் தொட்டார்கள். எனக்கு முன்னால் நாலைந்து பேர் தள்ளி சைரன். வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் சலவைச் சோப்பின் தரம் குறைந்துவிட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். சிலைக்கு முன்னால் போனதும் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். அவள் நகரவில்லை, திட்டவும் இல்லை. பிறகு சிலையைத் தொடாமலே திரும்பி வெளியே போய்விட்டாள். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கட்டுப் போடும் அறைக்கு வெளியே வழக்கம்போல வரிசை. சைரன் கூடையோடு வந்தாள். என் ஜன்னலில் நிற்கவில்லை. நேரே அந்த அறைக்குள் போனாள். கண்டக்டர் இறந்த பிறகு அவள் அந்த வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. முக்காலியை இழுத்துப் போட்டு “உக்காரு” என்றாள். உள்ளே குதிகால் புண்ணோடு இருந்தவர் தன்னைச் சொல்கிறாள் என்று உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பி வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். ஓட்டையைச் சாத்த மறந்துவிட்டாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

“காலுறையைக் கழட்டு” என்றாள்.

கட்டுக்காரம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “யார் சொன்னா?” என்று கேட்டாள்.

“நாய்க்காரர்தான் காட்டிட்டாரே.”

கூடையிலிருந்து ஒரு கட்டுத்துணியை எடுத்து மேசைமேல் விரித்தாள். கடித்த பிஸ்கட்டும் துணுக்கும். சுற்றுச் சுற்றாக அதே உருவம், போகப் போக மங்கலாக. கட்டுக்காரம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆளைத் தேடி எந்தெந்த வார்டுக்கெல்லாம் அலைந்தாள் என்று சைரன் சொல்லிக்கொண்டே போனாள். அது நீயாக இருப்பாய் என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்றாள்.

“இந்த அறை போயிடும், அண்ணி.”

“போகட்டும். கால் போனா என்ன செய்வே?”

“கால் போனா ஊர் ஒரு நாள் பேசும். இந்த அறை போயிட்டா, நீங்க அன்னைக்குச் சொன்னதே சரின்னு ஆயிடும்.” பிறகு இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னாள். “அவர் என்கிட்ட காட்டல, அண்ணி. கறுத்த பிறகுதான் பாத்தேன். சத்தியமா எனக்குத் தெரியாது.”

சைரன் மேசையில் இருந்த துணியைச் சுருட்டத் தொடங்கினாள். சுருட்டி முடித்துக் கூடையில் போட்டாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அவன் சாக்ஸை நான்தானே துவைச்சேன். குதிகால்ல கறை. கேட்டேன். சின்னதுதான்க்கா, அவகிட்ட சொல்லிடாதே, படுக்க வச்சிடுவா, வேலைக்குப் போக விடமாட்டான்னு சொன்னான். சரின்னு விட்டுட்டேன்.” அவள் குரல் அன்றைக்கு நிஜமாகவே தாழ்ந்திருந்தது. “அப்புறம் வாசல்ல நின்னு உன்னைச் சொன்னேன்.”

அவ்வளவு வருடமும் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் செய்தி கொண்டுபோனேன், கொண்டுபோக வேண்டிய செய்தி இது ஒன்றுதான். கட்டுக்காரம்மா கத்துவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வெளியே குதிகால்காரர் இருமினார். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். மரப்பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்தாள். காலுறையை உருட்டி இறக்கிவிட்டு, ஒரு கையால் சீருடை ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் கட்டைக் காட்டினாள்.

சைரன் மண்டியிட்டுக் கட்டைத் தொடப் போனாள்.

“முதல்ல கை கழுவுங்க, அண்ணி” என்றாள் கட்டுக்காரம்மா.

அன்று மாலையே அவள் டாக்டரிடம் போனாள். டாக்டர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு அவளைத் திட்டிய திட்டில் என் மருந்துப் புட்டிகள் அதிர்ந்தன. அவள் தொட்ட நோயாளிகளையெல்லாம் திரும்ப வரவழைத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நரம்புக்கு அறுவை நடந்தது. கட்டுப் போடும் அறையை வேறொருத்தி பார்த்துக்கொண்டாள். மாதக்கணக்கில் கட்டுக்காரம்மா சலவைக்கூடத்தில் ஒரு பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்து கட்டுத்துணி சுருட்டினாள். பக்கத்தில் சைரன், பேசாமல் விட்ட வருடங்களையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை துணி வாங்கப் போனபோது, “சொல்லியிருக்கலாம், அண்ணி” என்று கட்டுக்காரம்மா சொல்வது காதில் விழுந்தது. அன்று முழுக்க சலவைக்கூடத்தில் சத்தமே இல்லை. மறுநாள் மறுபடி தொடங்கிவிட்டது.

கால் பிழைத்தது. உள் கணுக்காலுக்கு மேலே கறுப்பாக ஒரு தழும்பு, கடித்த பிஸ்கட் அளவு இல்லை, அதைவிடச் சிறியது. அறைக்குத் திரும்பினாள், இப்போது உட்கார்ந்துகொண்டு கட்டுப் போடுகிறாள். புதுப் பழக்கம் ஒன்றும் வந்திருக்கிறது. காட்டத் தயங்குகிற நோயாளிகளிடம், மருமகளைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாகத் தன் காலுறையை இறக்கிக் காட்டுகிறாள்.

நாய்க்காரரின் புண்ணும் தொட்டுத் தொட்டு மங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த திருநாளுக்கு முன் மறுபடி வர்ணக்காரரை அழைக்கலாமா என்று சாமியார் அவளிடம் கேட்டார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிலைக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தாள். துணுக்கு மறைந்துவிட்டிருந்தது. மஞ்சள் போய், அடியில் இருந்த சிவப்பு தெரிந்தது.

“ஓரத்துல இருந்து நல்லா ஆறிட்டு வருது, சாமி” என்றாள். “இப்ப ஒண்ணும் பண்ணாதீங்க.”

பிறகு பக்கவாசல் குழாயில் கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.